பறக்கத் தெரிந்தவனுக்குப் பறக்கப் படிப்பு

2025 ஜூன் மாதத்தில் ஒரே வாரத்திற்குள் மூன்று விமானச் செய்திகள் பொழியூரில் என் அக்கா வீட்டுத் தொலைக்காட்சியில் வந்தன. 12-ஆம் தேதி அகமதாபாத்தில் புறப்பட்ட ஏர் இந்தியா விமானம் சில நொடிகளில் ஒரு மருத்துவக் கல்லூரி விடுதியின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 242 பேரில் ஒருவர் மட்டுமே பிழைத்தார். 14-ஆம் தேதி இரவு பிரிட்டனின் எஃப்-35பி போர் விமானம் ஒன்று எரிபொருள் குறைந்து, மோசமான வானிலையால் தன் கப்பலுக்குத் திரும்ப முடியாமல், திருவனந்தபுரம் விமான நிலையத்தில் இறங்கியது. மறுநாள் அதிகாலை கேதார்நாத்திலிருந்து யாத்திரிகர்களை ஏற்றி வந்த ஹெலிகாப்டர் கௌரிகுண்ட் அருகே காட்டில் விழுந்து ஏழு பேரும் மாண்டார்கள். இறந்தவர்களில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. ஓட்டி வந்தவர் இராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று, சில மாதங்களுக்கு முன்புதான் சிவில் வேலைக்கு வந்தவர்.

அந்த வாரத்தில்தான் அக்காவின் மகன் விடுப்பில் வந்திருந்தான். வயது 36. விமானப்படையில் எம்.ஐ-17 ஹெலிகாப்டர் ஓட்டுகிறான். குறுகிய காலப் பணியில் சேர்ந்தவன். 14 ஆண்டு முடிந்தால் வெளியே வந்துவிட வேண்டும். 20 ஆண்டு நிறையாததால் ஓய்வூதியம் கிடையாது. கையில் வரும் தொகையை வைத்துக்கொண்டு மனைவி, ஒரு குழந்தை, இன்னும் முப்பது ஆண்டு வாழ்க்கை ஆகியவற்றுக்கு வழி தேட வேண்டும். ஆகவே வீட்டில் பேச்செல்லாம் ஒன்றைப் பற்றியே இருந்தது: வெளியே வந்த பிறகு எந்தப் பயிற்சிக்குப் போவது?

அக்காவுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. “பதினாலு வருஷம் மலையிலயும் மழையிலயும் ஓட்டினவனுக்கு இனி என்ன தம்பி படிப்பு?” என்று என்னிடம் கேட்டாள். அவன் சிரித்துக்கொண்டே, “ஆட்டோ லைசன்ஸை வச்சு பஸ் ஓட்ட விடுவாங்களா அம்மா?” என்றான். “நீ ஓட்டுனது ஆட்டோவா?” என்று அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

நான் தமிழ் படித்தவன். மொழிபெயர்ப்பும் பத்திரிகையும் என் பிழைப்பு. விமானத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனாலும் அவன் என்னைக் கூப்பிட்டுத் திண்ணையில் உட்கார வைத்து ஒரு கத்தைக் காகிதத்தைக் கொடுத்தான். “மாமா, நீங்க இதையெல்லாம் வாசிச்சு அம்மாவுக்குப் புரியற மாதிரி சொல்லணும். அப்புறம் இன்னொண்ணு. நிலத்தைப் பத்தி அவங்க எடுக்கிற முடிவு உங்க வாயிலதான் இருக்கு” என்றான். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் 12 சென்ட் தென்னந்தோப்பை விற்றுப் பயிற்சிக்குப் பணம் கட்டுவது என்று அக்கா ஏற்கெனவே தீர்மானித்திருந்தாள். அதை அவன் ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. சொல்ல வேண்டியவன் நான் என்று இருவருமே நினைத்தார்கள். அதற்கு ஒரு காரணம் உண்டு; பிறகு சொல்கிறேன்.

பொழியூரைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கேரளக் கடற்கரையின் தென்கோடி ஊர் இது. வடக்கே பூவாறில் நெய்யாறு கடலில் கலக்கிறது. ஆறு மணல்திட்டை உடைத்துக் கடலுக்குள் இறங்கும் இடத்துக்குப் பொழி என்று பெயர். ஊருக்கும் அதுவே பெயராயிற்று. தெற்கே சற்று நடந்தால் நீரோடி. அது தமிழ்நாடு. 1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநிலங்களைப் பிரித்தபோது விளவங்கோடு தாலுகா அந்தப் பக்கம் போயிற்று, நெய்யாற்றின்கரை தாலுகா இந்தப் பக்கம் நின்றது. கடலும் வலையும் கோயில் திருவிழாவும் பெண் எடுப்பதும் கொடுப்பதும் அப்படியே தொடர்ந்தன. மாறியது சான்றிதழ் மட்டுமே.

ஹெலிகாப்டருக்கும் இந்தக் கடற்கரைக்கும் ஓர் உறவு உண்டு. 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயல் அடித்தபோது பூந்துறை முதல் தூத்தூர் வரை எத்தனையோ வீடுகளில் கடலுக்குப் போனவர்கள் திரும்பவில்லை. நாட்கணக்கில் பெண்கள் கரையில் நின்று வானத்தைப் பார்த்தார்கள். ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் யாரையாவது தூக்கி வருகிறதா என்று ஓடினார்கள். அடுத்த ஆண்டு வெள்ளத்தில் ஹெலிகாப்டர்கள் கூரைகளிலிருந்து மனிதர்களைத் தூக்கியதையும் கேரளம் பார்த்தது. ஆகவே ஊரில் அக்கா மகனுக்கு ஒரு தனி மரியாதை. ஆனால் அந்த மரியாதையை எந்த விண்ணப்பப் படிவத்திலும் எழுத இடமில்லை.

காகிதங்களைப் படிக்கத் தொடங்கினேன். அவன் முன்னால் மூன்று வழிகள் இருந்தன.

முதல் வழி, ஹெலிகாப்டரிலேயே தொடர்வது. சிவில் விமானப் போக்குவரத்து இயக்ககத்தின் தேர்வுகளில் தேறினால், படையில் பறந்த மணிகளைக் கணக்கில் கொண்டு ஹெலிகாப்டருக்கான வணிக ஓட்டுநர் உரிமம் வாங்கலாம். செலவு குறைவு, காலமும் குறைவு. வேலை என்றால், மும்பைக் கடலில் எண்ணெய் மேடைகளுக்கு ஆட்களைக் கொண்டுபோய் விடுவது, மலைக் கோயில்களுக்கு யாத்திரிகர்களை ஏற்றுவது, அரசியல்வாதிகளையும் தொழிலதிபர்களையும் சுமப்பது.

இரண்டாம் வழி, இறக்கை வைத்த விமானத்துக்கு இங்கேயே மாறுவது. அதற்கு உத்தரப்பிரதேசத்தில் ஃபர்சத்கஞ்ச், மகாராஷ்டிரத்தில் கோந்தியா போன்ற இடங்களில் பயிற்சிப் பள்ளிகள் உண்டு. ஒற்றை எஞ்சின் சிறு விமானத்தில் தொடங்கி, இரட்டை எஞ்சினுக்குப் போய், மேகத்துக்குள் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் தகுதியையும் பெற்று, அதன் பிறகு ஏர்பஸ் 320 அல்லது போயிங் 737 போன்ற ஒரு வகை விமானத்துக்கான தனிப் பயிற்சியைப் பாவனை இயந்திரத்தில் முடிக்க வேண்டும். பருவமழை வந்தால் சிறு விமானங்கள் கொட்டகையில் நிற்கும், மாதங்கள் நீளும்.

மூன்றாம் வழி, அமெரிக்கா, தென்னாப்பிரிக்கா, நியூசிலாந்து என்று எங்காவது போய் வேகமாக மணிகளைச் சேர்த்துத் திரும்புவது. ஆனால் அந்நிய உரிமத்தை வைத்துக்கொண்டு இந்திய விமானத்தில் ஏற முடியாது. இங்கே வந்து மறுபடியும் தேர்வெழுதி, பறந்து காட்டி, இந்திய உரிமமாக மாற்ற வேண்டும். பணம் பல இலட்சம். தோப்பு விற்பனை இந்த வழிக்காகத்தான்.

நம் நாட்டு விதி கடுமையானதா என்று கேட்டேன். அமெரிக்காவில் இராணுவ ஓட்டிக்கு ஒரு சலுகை உண்டு என்றான். படையில் தகுதி பெற்றவர் ஓர் எழுத்துத் தேர்வில் தேறினாலே, தான் ஓட்டிய வகைக்கான வணிக உரிமத்தை வாங்கிக்கொள்ளலாம். 2009-இல் பஃபலோ அருகே நடந்த கோல்கன் விமான விபத்துக்குப் பிறகு அங்கே விமான நிறுவனங்களில் துணை ஓட்டியாகச் சேரவே பொதுவாக 1,500 மணி தேவை என்று சட்டம் வந்தது. படையிலிருந்து வருபவருக்கு மட்டும் 750 மணி போதும். அங்கேயும்கூட ஹெலிகாப்டர் ஓட்டி விமானத்துக்கு மாற வேண்டுமானால் விமானத்தில் புதிதாகப் பறந்தே ஆக வேண்டும். சலுகை காகிதத்துக்குத்தான், கைக்குச் சலுகை கிடையாது.

இந்தியாவில் விமான ஓட்டியின் வணிக உரிமத்துக்கு 200 மணி பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி தானே பொறுப்பேற்று ஓட்டியிருக்க வேண்டும். 300 கடல் மைல் தொலைவுக்கு ஒரு நீண்ட பயணம், வழியில் இரண்டு வேறு நிலையங்களில் இறங்கி எழும்ப வேண்டும். இரவுப் பறப்பு, கருவிப் பறப்பு ஆகியவற்றுக்கும் தனித்தனிக் கணக்கு. அவன் கையில் இருப்பதோ 2,000 மணிக்கு மேல். படை அகாதமியில் தொடக்கப் பயிற்சி இறக்கை விமானத்தில்தான். ஆனால் அந்தச் சில பத்து மணிகள் நீங்கலாக மீதி அத்தனையும் சுழலியின் கீழ் கழிந்தவை.

“அப்படியானால் அந்த 2,000 மணியும் வீணா?” என்று கேட்டேன்.

“வீண் இல்ல மாமா. வேற பாஷையில எழுதியிருக்கு” என்றான்.

இதைக் கேட்டதும் எனக்குப் பழைய கதை நினைவுக்கு வந்தது. பொழியூரில் பிறந்த நான் படித்தது மலையாளப் பள்ளியில். வீட்டில் தமிழ். பாட்டி வைத்திருந்த பழைய ஜெபப் புத்தகத்திலும், பஸ்ஸில் களியக்காவிளையிலிருந்து வரும் பத்திரிகையிலும் எழுத்துக் கூட்டித் தமிழ் படித்தேன். 1994-இல் பிரீ-டிகிரி முடித்துவிட்டு எல்லைக்கு அப்பால் ஒரு கல்லூரியில் தமிழ் இலக்கியம் படிக்கப் போனேன். அலுவலகத்தில் இருந்தவர் என் சான்றிதழைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “தமிழைப் பாடமாகப் படித்ததற்கு ஆதாரம் எங்கே?” என்று கேட்டார். நான் அவரிடம் தமிழில்தான் பேசிக்கொண்டிருந்தேன். அவரும் தமிழில்தான் கேட்டார். ஆயினும் என் தமிழ் அவருடைய காகிதத்தில் இல்லை.

ஓராண்டு போயிற்று. பள்ளி இறுதித் தமிழ்த் தாளைத் தனித் தேர்வராக எழுதித் தேறிய பிறகுதான் இடம் கிடைத்தது. அந்த ஆண்டு முழுவதும் அவமானமாக உணர்ந்தேன். பாட்டியிடம் கற்ற மொழிக்குப் பரீட்சையா என்று கொதித்தேன். ஆனால் அந்த ஆண்டில்தான் முதன்முறையாக இலக்கண நூலை ஒழுங்காகப் படித்தேன். எனக்குத் தெரியும் என்று நினைத்த மொழியில் சந்தி எங்கே மிகும், எங்கே மிகாது என்றுகூடத் தெரியாமல் இருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. அந்தப் பரீட்சைக்கும் அலைச்சலுக்கும் பணம் கொடுத்தவள் அக்கா. காதில் கிடந்த கம்மலை அடகு வைத்தாள். அது திரும்பி வரவில்லை. தோப்பைப் பற்றிய முடிவு என் வாயில் இருக்கிறது என்று அவன் சொன்னதன் பொருள் இதுதான். படிப்புக்குப் பொருள் விற்கலாம் என்று அக்காவுக்குக் கற்றுக்கொடுத்தவன் நான்.

ஆகவே அவனிடம் விளக்கமாகக் கேட்டேன். ஹெலிகாப்டர் தெரிந்தவனுக்கு விமானத்தில் என்ன தெரியாது?

ஹெலிகாப்டரில் இடது கை ஒரு நெம்புகோலைப் பிடித்திருக்கும். அதை உயர்த்தினால் ஏறும், தாழ்த்தினால் இறங்கும். வலது கை திசைக்கோலில். ஹெலிகாப்டரில் பொறுப்பு ஓட்டி பொதுவாக வலப்பக்கம் உட்காருவார், விமானத்தில் இடப்பக்கம். இவையெல்லாம் சின்ன மாற்றங்கள். பெரிய மாற்றம் வேகத்தில் இருக்கிறது. ஹெலிகாப்டர் இறங்கும்போது வேகத்தைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் அந்தரத்தில் நின்று, பிறகு தரையில் அமரும். மெதுவாகப் போவது அதற்குப் பாதுகாப்பான பழக்கம். விமானத்துக்கோ வேகமே உயிர். ஓர் அளவுக்குக் கீழே வேகம் போனால் இறக்கை காற்றைப் பிடிக்காது, விமானம் விழும். “ஆபத்துன்னு மனசு சொன்னதும் என் கை வேகத்தைக் குறைக்கத்தான் போகும் மாமா. அந்தக் கையை மாத்தணும். அதுக்குத்தான் பயிற்சி” என்றான்.

பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த மச்சான் அப்போதுதான் வாயைத் திறந்தார். கட்டுமரத்தில் தொடங்கி, பிறகு எஞ்சின் வைத்த ஃபைபர் வள்ளத்துக்கு மாறியவர் அவர். “மரத்துக்குக் கை வேற, வள்ளத்துக்குக் கை வேற. மரம் கவிழ்ந்தா பிடிச்சுக்கிட்டு மிதக்கலாம். அதே தைரியத்துல வள்ளத்தைக் கொண்டுபோனா முடிஞ்சுது” என்றார். அக்கா அதைக் கேட்டுக்கொண்டே நின்றாள். நான் அரைமணி நேரமாகச் சொல்லி முடியாததை அவர் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

கை மட்டுமல்ல, மணியை எழுதும் முறையும் வேறு. சிவில் விதிப்படி, புறப்படுவதற்காக விமானம் அசைந்த நேரத்திலிருந்து பயணம் முடிந்து நிற்கும் நேரம் வரை பறப்பு நேரம். ஹெலிகாப்டருக்குச் சுழலி சுற்றத் தொடங்கியது முதல் நிற்பது வரை. இராணுவப் புத்தகங்களில் பெரும்பாலும் தரையை விட்டது முதல் தரையைத் தொட்டது வரைதான். ஒரே பறப்புக்கு இரண்டு கணக்கு. அதுபோக யார் பொறுப்பு ஓட்டி, யார் துணை ஓட்டி என்பதைப் பிரித்து, பிரிவு அதிகாரியின் சான்று வாங்க வேண்டும். உடல் பரிசோதனையும் புதிதாக. இதில் ஒரு வேடிக்கை: சிவில் ஓட்டிகளின் முதல் பரிசோதனை நடக்கும் இடங்களில் ஒன்று பெங்களூரில் உள்ள விமானப்படையின் வான்மருத்துவ நிறுவனம். இத்தனை நாள் அவனைச் சோதித்த படையின் மருத்துவர்களே மறுபடியும் அவனைச் சோதிக்கலாம், வேறு படிவத்தில்.

எழுத்துத் தேர்வுகள் தனி. வான் விதிகள், வழிகாணல், வானிலை, விமானத் தொழில்நுட்பம். நூற்றுக்கு 70 வேண்டும். ரேடியோவில் பேசுவதற்கும் ஒரு சான்றிதழ் உண்டு. அது நெடுங்காலம் தொலைத்தொடர்புத் துறையின் கையில் இருந்தது. 1934-ஆம் ஆண்டின் விமானச் சட்டத்துக்குப் பதிலாக 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய வாயுயான் அதிநியமம் அதையும் விமான இயக்ககத்திடமே ஒப்படைத்தது. 14 ஆண்டு ரேடியோவில் பேசியவன் பேசத் தெரியும் என்று நிரூபிக்க வேண்டும். எனக்கு அந்தக் கல்லூரி அலுவலகம் நினைவுக்கு வந்தது.

அக்காவுக்கு நம்பிக்கை தந்தது ஒரு சினிமா. 2020-இல் வந்த ‘சூரரைப் போற்று’ படத்தில் சூர்யா படையிலிருந்து வந்து விமானக் கம்பெனியே ஆரம்பிக்கிறாரே என்றாள். அதற்கு அடிப்படையான கேப்டன் கோபிநாத் இராணுவ அதிகாரிதான், ஆனால் விமான ஓட்டி அல்ல என்று சொன்னேன். அவரோடு சேர்ந்தவர்களில் கேப்டன் சாமுவேல்தான் இராணுவத்தில் ஹெலிகாப்டர் ஓட்டியவர். அவர்கள் 1997-இல் தொடங்கியதும் முதலில் வாடகை ஹெலிகாப்டர் கம்பெனிதான். மலிவு விலை விமானம் 2003-இல்தான் வந்தது. “அப்போ ஹெலிகாப்டர்ல இருந்துதானே மேல போனாங்க?” என்றாள் அக்கா. அவள் போகிற போக்கில் சொன்னது எனக்குப் பிறகு உதவியது.

அன்றிரவு நானும் அவனும் கடற்கரையில் நடந்தோம். கடல் வீடுகளுக்குப் பக்கத்தில் இரைந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு பருவமழைக்கும் கரை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கும் ஊர் இது. “உனக்கு உண்மையில் எதில் பயம்?” என்று கேட்டேன்.

சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னான். விமான நிறுவனத்தில் மூப்பு என்பது சேர்ந்த தேதியிலிருந்துதான். படையில் ஸ்குவாட்ரன் லீடர் என்பதெல்லாம் வாசலோடு சரி. இவன் 38 வயதில் துணை ஓட்டியாகப் போய் உட்காரும்போது, பக்கத்தில் கேப்டனாக இருப்பவருக்கு 28 வயது இருக்கலாம். “அவன் சொன்னா நான் கேட்கணும். அது கஷ்டமில்ல. எனக்குக் கீழ ஒருத்தன் இருந்து, ‘வேண்டாம், திரும்பிப் போகலாம்’னு சொன்னா, அதையும் நான் கேட்கணும். அதுதான் எனக்குப் புதுசு” என்றான்.

கோழிக்கோட்டைப் பற்றிப் பேசினோம். 2020 ஆகஸ்டு 7-ஆம் தேதி இரவு துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மழையில் ஓடுதளத்தைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து 21 பேர் இறந்தார்கள். கேப்டன் தீபக் சாத்தே விமானப்படையில் சோதனை ஓட்டியாக இருந்து பெயரெடுத்தவர். அவரும் துணை ஓட்டியும் இறந்தவர்களில் அடக்கம். ஓடுதளத்தின் ஏறக்குறைய பாதித் தூரத்தைக் கடந்த பிறகே சக்கரம் தரையைத் தொட்டது என்றும், மறுபடி மேலே எழும்பும்படி துணை ஓட்டி சொன்னது செயலாகவில்லை என்றும் 2021-இல் வந்த விசாரணை அறிக்கை கூறியது. இதை இராணுவப் பழக்கத்தின் மேல் சுமத்துவது நியாயமாகாது. அவர் நெடுங்காலம் பயணிகள் விமானம் ஓட்டியவர். படையை அறியாத ஓட்டிகளும் இதே தவறைச் செய்திருக்கிறார்கள். ஆனால் ஒன்று தெளிவு. பயணிகள் விமானத்தில் இளையவரின் ஒரு சொல் மூத்தவரின் கையை நிறுத்த வேண்டும். அதற்குப் பழகுவதும் பயிற்சியின் பகுதி. அதை எந்த நாட்டில் எத்தனை வாரத்தில் வாங்கலாம் என்று எந்த விளம்பரமும் சொல்வதில்லை.

படையில் ஆணை வந்தால் போக வேண்டும். ஒக்கி அடித்தபோது யாரும் போகாத வானத்தில் அவர்கள் போனார்கள். அதனால்தான் சிலர் உயிரோடு திரும்பினார்கள். சிவில் வாழ்க்கையில் போகாமல் இருப்பதே பல நாள் திறமை. கேதார்நாத்தில் அன்று பள்ளத்தாக்கை மேகம் மூடியிருந்தது. முதலாளி காத்திருக்கிறார், பயணி காத்திருக்கிறார், அடுத்த முறைக்கு வரிசை நிற்கிறது. அங்கே “இன்று முடியாது” என்று சொல்ல ஒருவனுக்குத் துணை வேண்டும். அந்த ஹெலிகாப்டரில் எஞ்சின் ஒன்று, ஓட்டியும் ஒருவர்.

இந்த இடத்தில்தான் எங்களுக்கு வழி கொஞ்சம் தெரிந்தது. எண்ணெய் மேடைகளுக்குப் போகும் ஹெலிகாப்டர்களில் இரட்டை எஞ்சின், இரண்டு ஓட்டிகள். கருவிகளை நம்பிப் பறக்கும் தகுதி வேண்டும். ஒருவர் ஓட்ட, ஒருவர் சரிபார்த்துச் சொல்ல வேண்டும். பெரிய விமானத்தில் உட்காருபவனுக்குத் தேவையான ஒழுக்கம் இதுவே. அங்கேயும் ஆபத்து இல்லாமல் இல்லை; 2022 ஜூன் 28-ஆம் தேதி பவன் ஹன்ஸ் ஹெலிகாப்டர் எண்ணெய் மேடை அருகே கடலில் இறங்கி நான்கு பேர் இறந்தார்கள். ஆயினும் சம்பளத்தோடு புதிய பழக்கத்தைக் கற்கும் இடம் அது. மூன்று நான்கு ஆண்டு அங்கே இருந்து சேமித்து, பிறகு சொந்தப் பணத்தில் விமானத்துக்கு மாறலாம். பயணிகள் விமான ஓட்டிக்கு வயது வரம்பு 65. நாற்பதில் தொடங்கினாலும் 25 ஆண்டு இருக்கிறது. மூப்பில் பின்தங்குவான், அது நிச்சயம். ஏர் இந்தியாவும் இண்டிகோவும் 2023-இல் மட்டும் 970 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்திருக்கின்றன, இப்போதே உள்ளே நுழைந்துவிட வேண்டும் என்று நண்பர்கள் அவனை அவசரப்படுத்துகிறார்கள். அவர்கள் சொல்வது தவறு என்று நான் சொல்லமாட்டேன். வேலை கிடைக்கும் முன் தோப்பு போய்விட்டால், காத்திருக்கும் காலத்தில் அவன் எந்த முதலாளி சொன்னாலும் எந்த மேகத்துக்குள்ளும் போவான் என்றுதான் எனக்குப் பயம். கடன்பட்டவன் “முடியாது” என்று சொல்வது கடினம்.

மறுநாள் இதை அக்காவிடம் சொன்னேன். அவளுக்கு வருத்தம். “உனக்கு வித்தேன், அவனுக்கு விக்கக்கூடாதா?” என்றாள். நான் பதில் சொல்லச் சிரமப்பட்டேன். கம்மல் போய் எனக்குக் கிடைத்தது ஓர் ஆண்டுக் கால அவகாசம் என்றேன். பொறுமையாக இலக்கணம் படிக்க அந்த ஆண்டு உதவியது. இப்போது தோப்பு போனால் அவனுக்கு அந்த அவகாசம் கிடைக்காது, பறிபோகும். தோப்பு இருக்கட்டும், தேர்வுக் கட்டணமும் புத்தகமும் என் பொறுப்பு என்றேன். கம்மலைப் பற்றி அதற்குமேல் இருவரும் பேசவில்லை. “மலைக்குப் போகமாட்டேன்னு அவனைச் சொல்லச் சொல்லு” என்று மட்டும் சொன்னாள். அவன் சொன்னான்.

எந்த வழியில் போனாலும் வான் விதியும் வானிலையும் எழுதித்தான் ஆக வேண்டும். ஆகவே விடுப்பின் மீதி நாட்களில் அவன் படித்தான். திருவனந்தபுரத்தில் அந்தப் பிரிட்டிஷ் விமானமும் ஹைட்ராலிக் கோளாறு சரியாகாமல், மழையில் நனைந்துகொண்டு, சிவில் நிலையத்தில் நின்றிருந்தது. விமானம்போல் பறந்து ஹெலிகாப்டர்போல் நேராக இறங்கக்கூடியது அது. கேரளச் சுற்றுலாத் துறை அதை வைத்து விளம்பரமே போட்டது. ஜூலை 22-ஆம் தேதிதான் கிளம்பிப் போயிற்று. அதற்குள் அக்கா மகனும் தன் பிரிவுக்குத் திரும்பிவிட்டான்.

அவன் போவதற்கு முந்தின மாலை திண்ணையில் உட்கார்ந்து வானிலைப் புத்தகத்திலிருந்து நான் கேள்வி கேட்டேன். ஒன்றிரண்டுக்குத் தடுமாறினான். “தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தில் தொடங்கும் நாள் எது?” என்றேன்.

அவன் வாயைத் திறப்பதற்குள் மச்சான் வலையிலிருந்து தலையை நிமிர்த்தி, “மே 24” என்றார். உண்மைதான். 2025-இல் பருவமழை மே 24-ஆம் தேதியே வந்துவிட்டது. வள்ளத்தை இழுத்துக் கரையேற்றியவர் அவர்.

“இல்லப்பா, பரீட்சைக்கு ஜூன் 1-தான் சரி” என்றான் மகன்.

மச்சான் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார். “அப்போ ஜூன் 1-ன்னே எழுது மக்களே. பறக்கும்போது மட்டும் மேல ஒரு கண்ணு இருக்கட்டும்” என்றார்.